கொல்லையில் பூச்சி வீடு: கேள்வி பதில்

லீவுக்குப் பிள்ளைகளோட பூச்சி வீடு கட்டுறவங்க கேளுங்க. பூச்சி வீடுன்னா, கூட்டமா இல்லாம தனியா வாழ்ற தேனீ, குளவி முட்டை வைக்க மூங்கில் குழாய் அடுக்கின பலகைப் பெட்டி. அந்தத் தேனீ, குளவி பத்திச் சொல்றேன். கரப்பான், எலி கேள்வி வேண்டாம்.

தண்டையார்பேட்டை: அக்கா, எங்களுக்குக் கொல்லையே இல்ல. மொட்டை மாடி போதுமா?

போதும். காலை வெயில் மட்டும் படுற சுவர்ல ஆடாம மாட்டுங்க. நாள் முழுக்க வெயில் வேணும்னு சொல்றது குளிர்நாட்டுக் கணக்கு. நம்ம மே மாசத்துல உள்ளே இருக்கிற புழு வெந்துடும். ஐப்பசி மழைக்கு மேலே தகரம் நீட்டி வைங்க. பக்கத்துல தண்ணி தேங்கக் கூடாது.

ராயபுரம்: ஹார்பர்ல இருந்து வர்ற பழைய பேலட் பலகை எடுக்கலாமா?

முத்திரையைப் பாருங்க. எச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டினது, எடுக்கலாம். எம்.பி.ன்னா மெத்தில் புரோமைடுங்கிற விஷப்புகை போட்டது, தொடாதீங்க. முத்திரையே இல்லாததும் வேண்டாம். வார்னிஷ் அடிக்காதீங்க.

வியாசர்பாடி: மூங்கில் எந்த அளவுல வெட்டணும்? பையனுக்கு இதுல என்ன பாடம்?

பந்தல்காரர்கிட்ட ஒடிஞ்ச துண்டு கேளுங்க. ஓட்டை 6 முதல் 10 மில்லிமீட்டர், ஆழம் 15 சென்டிமீட்டர், ஒரு முனை கணுவால மூடியிருக்கணும். பையன் கையில ஸ்கேலைக் கொடுங்க, பாடம் அந்த ஆழத்துலதான் இருக்கு. தாய்த் தேனீ பெண் முட்டையை உள்ளேயும், ஆண் முட்டையை வாசல் பக்கமும் வைக்கும். ஆண்தான் முதல்ல வெளியே வரும். குழாய் குட்டையா இருந்தா பெரும்பாலும் ஆணாவே பிறக்கும். வாசலை வட்டமா நறுக்கின இலை அடைச்சிருந்தா, வந்தது இலைவெட்டித் தேனீ. உங்க ரோஜாச் செடியில அந்த வட்டத்தைத் தேடச் சொல்லுங்க. அடைச்ச தேதியையும் திறந்த தேதியையும் நோட்டுல எழுதட்டும்.

கொருக்குப்பேட்டை: கொசு வருமா?

படுக்கை வசமா அடுக்கின மூங்கில்ல வராது. பூச்சி குடிக்கன்னு பக்கத்துல தண்ணித் தட்டு வெச்சா அதுல வரும். தினமும் கொட்டித் தேய்ச்சுக் கழுவுங்க. டெங்கு கொசு முட்டை காய்ஞ்சாலும் சாகாது.

புளியந்தோப்பு: குளவி மண்கூடு கட்டியிருக்கு, இடிச்சிடவா? புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியா மாத்தும்னு தாத்தா பிள்ளைங்களுக்குச் சொல்றார்.

இடிக்காதீங்க. மண்குளவி சும்மா வந்து கொட்டாது; கையில பிடிச்சாத்தான் கொட்டும். தாத்தா சொல்றது தப்பு. கொட்டினதும் இரை அசையாம போகும், ஆனா உயிரோட இருக்கும், அதனால அழுகாது. அதே கூட்டுக்குள்ள குளவி முட்டையும் வைக்கும். பொரிஞ்ச குளவிப்புழு அதைத் தின்னு வளரும்.

பெரம்பூர்: பெரியவங்க பொய்யா சொல்வாங்க? வேதாந்தத்துலயே இந்த உவமை இருக்கு.

உவமை குருவுக்கும் சீடனுக்கும். பூச்சிக்கு இல்ல.

புளியந்தோப்பு: தாத்தா கேட்கிறார்: உள்ளே புழுவைக் கொண்டுபோறதைக் கண்ணால பார்த்தேனே, வெளியே குளவிதானே வந்துச்சு?

தாத்தா பார்த்தது ரெண்டும் நிஜம். நடுவுல நடந்தது மண்ணுக்குள்ள, அது யார் கண்ணுக்கும் தெரியாது. அவர் பார்த்தது பானைக்குளவியா இருக்கும், அது புழு பிடிக்கும். உங்க சுவர்ல இருக்கிறது பல அறை சேர்ந்த மண்கட்டின்னா அது பெரும்பாலும் சிலந்தி பிடிக்கிற ஜாதி. எட்டுக்கால் சிலந்தி எப்படிக் குளவி ஆகும்னு கேளுங்க. ஓட்டை விழுந்த பழைய கூட்டைத் தாத்தாவே உடைக்கட்டும். தின்னு மீந்த சிலந்திக்காலும் பழுப்புக் கூட்டுறையும் கிடைக்கும்.

பெரம்பூர்: வீட்ல குளவி கூடு கட்டினா குழந்தை பிறக்கும்னு சொல்வாங்களே, அதுவும் பொய்யா?

குளவிக்குப் பிறக்கும்.

திருவொற்றியூர்: தண்ணித் தொட்டிக்கு அடியில பெரிய தேன்கூடு. பிள்ளைங்களுக்குக் காட்டலாமா?

மலைத்தேனீயா இருக்கும். கிட்டவே போகாதீங்க, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்க.

மாதவரம்: கொசு வராதா அக்கா?

கொருக்குப்பேட்டைக்குச் சொன்ன பதிலைப் படிங்க.

கொளத்தூர்: வண்ணத்துப்பூச்சி வீடும் இதோட சேர்த்துக் கட்டலாமா?

அதுக்குப் பலகை வேண்டாம், செடி வைங்க. எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு. இலை கடிபட்டா மருந்து அடிக்காதீங்க.

எண்ணூர்: கொசு…

தட்டைக் கவிழ்த்து வைங்க.

புளியந்தோப்பு: தாத்தா சுத்தியலை எடுத்துட்டார். எந்தக் கூடு பழசுன்னு எப்படித் தெரியும்?

பொறுங்க! எல்லா அறையிலயும் வட்ட ஓட்டை இருந்தாத்தான் காலி. ஓட்டை இல்லாத அறை ஒண்ணு இருந்தாலும் உள்ளே ஆள் இருக்கலாம்.