கழற்றி எடுத்த லேசர் டையோட்டும் கையால் செய்த டிரைவரும்: வாசகர் கேள்வி பதில்

பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்து லேசர் எடுப்பவர்கள் திருகோணமலையில் இத்தனை பேர் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். வந்த கேள்விகளை ஒன்றாக வைத்து வாசித்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இறந்துபோன டையோட்டுகளில் பெரும்பாலானவை எரிந்து எரிந்து களைத்துப் போகவில்லை. இணைத்த அந்தக் கணத்திலேயே போயிருக்கின்றன. ஆகவே பிழையை டையோட்டில் தேடுவதற்கு முன், அதற்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் சுற்றான டிரைவரிலும், எதை முதலில் இணைத்தீர்கள் என்பதிலும் தேடுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: "டிவிடி ரைட்டரின் சிவப்பு டையோட்டைக் கழற்றினேன் அண்ணா. எல்எம்317 வைத்து, 4.7 ஓம் ரெசிஸ்டர் போட்டு, 9 வோல்ற்றில் டிரைவர் செய்தேன். கிளிப் மாட்டினவுடன் ஒரு தரம் பளிச்சென்று அடித்தது. பிறகு எல்ஈடி மாதிரி மங்கலாகத்தான் எரியுது. திருத்தலாமா?"

திருத்த முடியாது தம்பி. டையோட் போய்விட்டது. வெளிச்சம் வெளியே வரும் அதன் முகம் சில மைக்ரோமீற்றர் அகலம்தான். அந்த முகமே லேசருக்கு வேண்டிய கண்ணாடியாகவும் வேலை செய்கிறது. தாங்கும் அளவுக்கு மேல் வெளிச்சம் அதில் குவிந்தால் முகம் உருகிவிடும். நனோ செக்கன்களில் முடிந்துவிடும் காரியம் இது. கண்ணாடி போன பிறகு மிஞ்சுவது வெறும் எல்ஈடி. உறுதிப்படுத்த வேண்டுமானால் வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். உயிருள்ள லேசரின் புள்ளிக்குள் குருமணல் தூவினதுபோல் பொட்டுப் பொட்டாக மினுங்கும், தலையை அசைத்தால் பொட்டுகளும் நகரும். செத்த டையோட்டில் அந்த மினுக்கம் இராது.

உங்களுடையது ஏன் போனது? இரண்டு காரணங்கள் தெரிகின்றன. எல்எம்317 என்ற ரெகுலேற்றர் ஐசி தன் அவுட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையில் 1.25 வோல்ற்றைப் பிடித்து வைத்திருக்கும். அதை ரெசிஸ்டரின் ஓமால் வகுத்தால் மின்னோட்டம் வந்துவிடும். 4.7 ஓமுக்கு அது 266 மில்லி அம்பியர். ரைட்டர் எழுதும்போது டையோட்டுக்குப் பெரிய மின்னோட்டம் கொடுப்பது உண்மைதான், ஆனால் அது விட்டு விட்டு வரும் துடிப்பு. நீங்கள் கொடுத்தது விடாத ஓட்டம். 22 ஓமில் தொடங்கியிருந்தால் 57 மில்லி அம்பியர். 15 ஓமில் 83, 10 ஓமில் 125. அப்படிப் படிப்படியாக ஏற வேண்டும். படம் பார்க்கும் பிளேயரிலிருந்து எடுத்த டையோட் என்றால் இன்னும் கவனம், அது சில மில்லிவாட்டுக்கென்றே செய்யப்பட்டது.

இரண்டாவது காரணம் இதைவிட மோசமானது. நீங்கள் அனுப்பிய படத்தில் வெளியீட்டில் 47 மைக்ரோபரட் கப்பாசிட்டர் இருக்கிறது. பற்றரியை முதலில் மாட்டினால், டையோட் இல்லாத நேரத்தில் அந்தக் கப்பாசிட்டர் 7 வோல்ற் அளவுக்கு நிரம்பி நிற்கும். பிறகு டையோட்டைக் கிளிப்பில் மாட்டுகிறீர்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பாய்ச்சலாக டையோட்டுக்குள் இறங்கும். அந்த நேரத்தில் எல்எம்317 என்ன செய்ய முடியும்? கப்பாசிட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது. எனவே கப்பாசிட்டர் முழுதும் இறங்கியிருக்க வேண்டும், டையோட் முதலில், பற்றரி கடைசியில். கழற்றும்போது பற்றரி முதலில்.

அடுத்த டையோட்டைத் தொடுவதற்கு முன், லேசருக்குப் பதிலாக மாட்டிப் பார்க்க ஒரு டம்மி செய்யுங்கள். 1என்4007 என்ற சாதாரண டையோட் மூன்று அல்லது நான்கைத் தொடராகக் கோர்த்து, கடைசியில் ஒரு 1 ஓம் ரெசிஸ்டர். சிவப்பு லேசர் கேட்கும் வோல்ற்றேஜுக்குக் கிட்டத்தட்ட இது சமம். 1 ஓமுக்குக் குறுக்கே மீற்றரை மில்லிவோல்ற்றில் வைத்தால், காட்டும் மில்லிவோல்ற் எத்தனையோ அத்தனை மில்லி அம்பியர். சுவிச்சைப் போட்டு அணைத்து, ஒயரை ஆட்டி, ரெகுலேற்றர் சூடாகும் வரை விட்டு, எல்லாம் பாருங்கள். டம்மியில் நிலையாக நிற்காத டிரைவருக்கு லேசரைக் கொடுக்காதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடுவதால் இழப்பது கால் அல்ல, இனிக் கிடைக்காத ஒரு டையோட்.

சோல்டரிங் அயனையும் பாருங்கள். இரண்டு கால் பிளக்கை, எர்த் துளைக்குள் ஈர்க்கையோ பேனை மூடியையோ செருகித் திறந்து, 13 அம்பியர் சொக்கற்றில் மாட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்படி மாட்டிய அயனுக்கு எர்த் இல்லை. நுனியில் கசிந்து நிற்கும் கறண்டே டையோட்டைக் கொல்லப் போதும். நான் செய்வது இது: பழைய பிளெக்ஸ் ஒயரிலிருந்து ஒரேயொரு செப்பு நூலை உருவி, டையோட்டின் மூன்று கால்களையும் அடியோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுவேன். அதற்குப் பிறகுதான் ரைட்டரின் நாடா போர்டிலிருந்து கழற்றுவது. டிரைவரில் சோல்டர் பண்ணி முடித்து, அயனைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு கடைசியாக அந்த நூலை வெட்டுவேன்.

உவர்மலையிலிருந்து: "பழைய லேப்டொப் பற்றரியின் 18650 செல் ஒன்றில் எல்எம்317 டிரைவர். எந்த ரெசிஸ்டர் போட்டாலும் டம்மியில் மின்னோட்டம் ஏறுவதில்லை. ஐசி பழுதா?"

ஐசி நல்லது, வோல்ற்றேஜ்தான் போதாது. ரெசிஸ்டருக்கு 1.25, லேசருக்கு 2.5 அளவில், எல்எம்317 தனக்கென்று எடுப்பது இரண்டுக்குக் கிட்ட. கூட்டினால் 6 வோல்ற். முழுச் சார்ஜில் 4.2 தரும் ஒரு செல் அதை எப்படித் தாங்கும்? இரண்டு செல்லைத் தொடராகப் போட்டால் சரி.

ஒரே செல்லில்தான் வேண்டும் என்றால் இரண்டு என்பிஎன் டிரான்சிஸ்டரால் செய்யும் நிலை மின்னோட்டச் சுற்றுக்குப் போங்கள். அது 0.65 வோல்ற் அளவைத்தான் ரெசிஸ்டரில் பிடிக்கும், 6.8 ஓமுக்கு ஏறத்தாழ 95 மில்லி அம்பியர். மொத்தத்தில் ஒரு வோல்ற்றுக்குள் வேலையை முடித்துவிடும். சூடேறும்போது அந்த 0.65 தானாகக் குறைவதால் மின்னோட்டமும் கொஞ்சம் இறங்கும். லேசருக்கு அது நல்லதே. நெடுநாள் 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்த செல்லைச் சார்ஜ் பண்ண வேண்டாம், உள்ளே ஷோர்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கிண்ணியாவிலிருந்து: "ஒரே ரைட்டரில் இரண்டு டையோட் கிடைத்தது. ஒன்று நல்ல சிவப்பு. மற்றது மங்கலான சிவப்பு, வலு இல்லை போல. கிட்ட வைத்துப் பார்த்து லென்ஸைச் சரிசெய்யலாமா?"

தயவுசெய்து பார்க்காதீர்கள். அது வலுவில்லாத டையோட் அல்ல. டிவிடிக்கு வேண்டிய வெளிச்சத்தின் அலைநீளம் 650 நனோமீற்றர், சிடிக்கு 780. அந்த 780 அகச்சிவப்பு. நம் கண்ணுக்கு அது அனேகமாகத் தெரியாததால்தான் மங்கல். கண்ணுக்குத் தெரியும் அந்தச் சொற்பச் சிவப்புக்குப் பின்னால் நூறு மில்லிவாட் நிற்கலாம். கண் சிமிட்டவும் மாட்டாது, ஏனென்றால் கூசவே கூசாது. விழித்திரை எரிந்தாலும் நோகாது, பிறகு பார்வையில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் நிற்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் நாளைக்கு என்று விடாமல் கண் டொக்டரிடம் போங்கள். கூலிங் கிளாஸ் இதற்குப் பாதுகாப்பே அல்ல. எந்த நனோமீற்றருக்கு, எத்தனை மடங்கு மறைக்கும் என்று எழுதியிருக்கும் லேசர் கண்ணாடிதான் வேண்டும். அது கையில் இல்லையென்றால் 780ஐ எரிக்காமல் எடுத்து வையுங்கள்.

நகரிலிருந்து, உயர்தர மாணவி: "மூன்று காலில் எது எது என்று மீற்றரால் கண்டுபிடிக்கலாமா?"

டிஜிற்றல் மீற்றரின் டையோட் நிலையில் கண்டுபிடிக்கலாம் தங்கச்சி. சிவப்பு லேசரின் இரு கால்களில் இரண்டு வோல்ற்றுக்கு அருகில் காட்டும், சில மீற்றரில் அளவு தாண்டிவிட்டதாகக் காட்டும், உள்ளே இலேசாகச் சிவப்பு தெரியலாம். உள்ளே ஒளி உணரும் டையோட் இருந்தால் அந்தச் சோடியில் 0.6, 0.7 வரும். பல ரைட்டர் டையோட்டுகளில் அது இருக்காது, அப்போது ஒரு கால் எதிலும் சேராது. முள் ஆடும் பழைய மீற்றரில் ஓம் அளக்கும் எக்ஸ்1 நிலையைப் பாவிக்க வேண்டாம். அதிலிருந்து 100 மில்லி அம்பியருக்கு மேலும் வரக்கூடும். தலைகீழ் வோல்ற்றேஜும் லேசருக்கு ஆகாது, 2 வோல்ற்தான் அதன் எல்லை. எனவே பற்றரியில் வைத்துப் பரீட்சை பார்க்காதீர்கள்.

பாலையூற்றிலிருந்து: "இரவில் நன்றாக எரியும் லேசர் பகல் 12 மணிக்கு மங்குகிறது. மீற்றரில் அதே 120 மில்லி அம்பியர்தான். மின்னோட்டத்தைக் கூட்டலாமா?"

கூட்டக் கூடாது. லேசர் டையோட் ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்தைத் தாண்டின பிறகுதான் லேசராகிறது, சூடு ஏற ஏற அந்தப் படியும் உயரும். சிவப்பு டையோட்டுகள் இதில் மிகவும் தொட்டாற்சுருங்கி. முதல் குறைகடத்தி லேசர்கள் 1962இல் செய்யப்பட்டபோது திரவ நைதரசனில் குளிர வைத்துத்தான் எரித்தார்கள். அறை வெப்பத்தில் விடாமல் எரியும் டையோட் 1970இல்தான் வந்தது. கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் மேசையில் உங்கள் டையோட் என்ன பாடுபடும் என்று பாருங்கள். மின்னோட்டத்தைக் கூட்டினால் வெளிச்சம் கொஞ்சம் ஏறும், சூடு அதைவிட ஏறும், கடைசியில் டையோட் போகும்.

செய்ய வேண்டியது வேறு. டையோட்டின் உறையை அலுமினியத் துண்டொன்றில் இறுக்கமாக இருத்தி, இடைவெளியில் ஹீற் சிங்க் பேஸ்ற் பூசுங்கள். அரை நிமிடம் எரித்து ஒரு நிமிடம் விடுங்கள். எல்எம்317இன் முதுகுத் தகடு அதன் அவுட் காலோடு ஒன்று என்பதால் இரண்டையும் ஒரே அலுமினியத்தில் இறுக்கிவிடாதீர்கள். டையோட்டின் உறை எந்தக் காலோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது டிரைவரையே ஷோர்ட் ஆக்கும், அல்லது ரெசிஸ்டரைத் தாண்டி முழு ஓட்டத்தையும் டையோட்டுக்குள் விடும்.

உப்புவெளியிலிருந்து: "புள்ளி வட்டமாக இல்லை, நீட்டாக வருகிறது. லென்ஸ் பிழையா?"

பிழை இல்லை. வெளிச்சம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் விரிவது ரைட்டரிலிருந்து எடுக்கும் இந்த வகை லேசர் டையோட்டுகளின் இயல்பு.

உட்துறைமுகப் பக்கமிருந்து: "வேரியபிள் ரெசிஸ்டரைத் தொட்டால் லேசர் அணைந்து அணைந்து எரிகிறது."

உடனே நிறுத்துங்கள். உப்புக் காற்று அதன் உள்ளே இருக்கும் தடத்தைத் தின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது விட்டுப் பிடிக்கும்போது டையோட்டுக்கு ஓர் உதை விழும். புதிது போடும்போது நடுக்காலைப் பாவிக்காத ஓரக்காலோடு சேர்த்துச் சோல்டர் பண்ணுங்கள். நடுக்கால் விட்டாலும் முழு ஓம் மிஞ்சும், மின்னோட்டம் குறையுமே தவிர அறுந்து போகாது. அளவு பிடிபட்டதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நிரந்தர ரெசிஸ்டர் போடுவதுதான் கடலோர வீட்டுக்குச் சரி.

மூதூரிலிருந்து ஒரு கடற்றொழிலாளர்: "இரவில் மற்றப் படகுக்குச் சைகை காட்ட இந்த லேசரைப் பாவிக்கலாமா?"

வேண்டாம் ஐயா. ஆடும் படகில் லேசரை ஓரிடத்தில் நிறுத்த முடியாது, இருட்டில் விரிந்த கண்ணின் பாவைக்குள் அது நேரே போகும். கொட்டியாரக் குடாவின் உங்கள் பக்கம் மூதூர், மறுபக்கம் சீனன்குடா விமானத் தளம். நன்றாகக் குவித்த கதிரும் ஆயிரம் மீற்றர் போக ஒரு மீற்றர் அளவுக்காவது விரியும். ஐந்து கிலோமீற்றரில் இறங்கும் விமானத்தின் முன்கண்ணாடி முழுவதையும் அது சிவப்பால் நிரப்பிவிடும். விமானிக்கு ஓடுபாதை தெரியாது. படகுக்கு விட்டு விட்டு எரியும் எல்ஈடி டோர்ச் நல்லது, அதன் வெளிச்சம் அகல விரியும்.

நிலாவெளியிலிருந்து ஓர் ஆசிரியை: "பிள்ளைகளுக்கு அலைநீளம் அளந்து காட்ட விரும்புகிறேன். கழற்றி எடுத்த டையோட்டைக் கொண்டு போகலாமா?"

வகுப்புக்குக் கொண்டு போக வேண்டாம் டீச்சர். லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் இரண்டாம் வகுப்பு எனப்படும், 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட லேசரில் கண் கால் செக்கனில் தானாக மூடித் தப்பும். ரைட்டர் டையோட் லேசராகத் தொடங்கின உடனேயே அதைத் தாண்டிவிடும். கடைப் பொயின்ரரையும் லேபலை நம்பி வாங்க வேண்டாம். அமெரிக்காவின் அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2013இல் வெளியிட்ட சோதனையில் பச்சைப் பொயின்ரர்களில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் பாதுகாப்பு விதிக்குப் பொருந்தவில்லை. நம்பகமான பாடசாலை உபகரண விற்பனையாளரிடம் இரண்டாம் வகுப்புச் சிவப்பைக் கேட்டு வாங்குங்கள். அதை மேசையில் இறுக்கி நீங்களே எரியுங்கள், பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள்.

பரிசோதனைக்குப் பழைய சிடி போதும். அதன் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீற்றர். வெள்ளை மட்டையின் நடுவில் துளையிட்டு, அதன் வழியே கதிரை 1 மீற்றருக்கு அப்பால் உள்ள சிடியில் செங்குத்தாக விழ விடுங்கள். திரும்பி வந்து மட்டையில் விழும் முதல் புள்ளி துளையிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று பிள்ளைகள் அடிமட்டத்தால் அளக்கட்டும். 650 நனோமீற்றர் என்றால் கோணம் 24 பாகை, தூரம் 44 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே வரும். சிடிக்குப் பதிலாக டிவிடி வைத்தால் தடம் 0.74 மைக்ரோமீற்றர், கோணம் 61 பாகைக்கு விரிந்துவிடும். அதற்கு மட்டையை 30 சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள், புள்ளி 55இல் விழும்.