பெயர்ப் பலகையும் பட்டறையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

சென்னைத் தெருக்களில் நடந்த கார் பந்தயத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அதில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தின் வில்லியம்ஸ் அணியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதில் மனத்தாங்கல். 1997-இல் எனக்குப் பதின்மூன்று வயது. திருமங்கலத்தில் மாமா கேபிள் டிவி நடத்தினார். அந்த அறையில் உட்கார்ந்துதான் வில்லியம்ஸ் ஓட்டுநர் வில்னவ் பட்டம் வாங்கியதைப் பார்த்தேன். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் போகவில்லை. இப்போது என் மகன் எதிரணியான மெக்லாரனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, "அப்பா, உங்க டீம் எப்பவாச்சும் ஜெயிச்சிருக்கா?" என்று கேட்கிறான். எல்லோரையும் அடித்து நொறுக்கிய அணி எப்படி இப்படி ஆகும்? பணம்தான் காரணமா? திரும்ப வருமா?

தங்கள் வாசகன்,
திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

ஒரு வரியில் கடந்தது தப்புதான். இந்தப் பதிலில் கொஞ்சம் ஈடுகட்டுகிறேன்.

என் அப்பா உசிலம்பட்டி ரோட்டில் பஸ் ஓட்டிய ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதினார். லீவு நாளில் நான் அந்த ஷெட்டில்தான் கிடப்பேன். பெர்மிட் கைமாறும், ஓனர் மாறுவார், பெயிண்டர் வந்து பழைய சாமி பெயரை மறைத்துப் புதுச் சாமி பெயரை எழுதுவார். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால், புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்து புடைத்துக்கொண்டு தெரியும். வண்டி அதே, டிரைவர் அதே. காளவாசலில் நிற்கிற சனமும் பழைய பெயரைச் சொல்லித்தான் "போயிருச்சா?" என்று கேட்கும்.

ஃபார்முலா ஒன்னும் அப்படித்தான். 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிப் பட்டம் வாங்கிய மெர்சிடிஸைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பிரான் என்று இருக்கும், அதற்கடியில் ஹோண்டா, அதற்கும் கீழே பிஏஆர். ஆக அடியில் மரவியாபாரி கென் டிரெல். மரக்கடைக் கொட்டகையில் பட்டறை போட்டு, 1971-இல் ஜாக்கி ஸ்டூவர்ட்டை வைத்துப் பட்டம் அடித்தவர். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஓட்டிய ஜோர்டானும் இப்படித்தான். மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயின்ட் என்று சட்டை மாற்றி, இன்றைக்கு ஆஸ்டன் மார்ட்டினாக ஓடுகிறது. அந்த 2005-இல் அமெரிக்கப் பந்தயத்தில் டயர் தகராறால் ஆறே கார்கள் ஓடின, நரேன் நாலாவதாக வந்தார். ஆறில் நாலு என்று கேலி செய்தவர்கள் உண்டு. நடுராத்திரி வரை கண்விழித்துப் பார்த்தவன் என்ற முறையில் நான் அந்தக் கேலியை ஏற்கவில்லை.

சரி, பணம். பணம் மட்டும் போதும் என்றால் டொயோட்டா ஜெயித்திருக்க வேண்டும். 2002 முதல் 2009 வரை கொட்டிக் கொடுத்தும் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல் மூட்டை கட்டியது. அதே 2009-இல், ஹோண்டா கைகழுவிய அணியை ராஸ் பிரான் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். ஆளைக் குறைத்து, கடைசி நேரத்தில் மெர்சிடிஸ் எஞ்சினைப் பொருத்தி ஓடவிட்டார். முதல் ஏழு பந்தயத்தில் ஆறை ஜென்சன் பட்டன் ஜெயித்தார், வருஷக் கடைசியில் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் வந்தன. ஒரு பவுண்டு அதிசயம் என்பார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. அந்தக் காரை வரைந்து செதுக்கியது ஹோண்டாவின் காசு. விதைத்தவன் அறுப்புக்கு முந்தி வயலை விற்றுவிட்டான், அவ்வளவுதான்.

உங்கள் வில்லியம்ஸுக்கு வருகிறேன். ஃபிராங்க் வில்லியம்ஸ் ஆரம்பத்தில் போன் கட்டணம் கட்ட முடியாமல் தெருவில் இருந்த போன் பூத்திலிருந்து தொழில் பார்த்தவர். முதல் அணி கைவிட்டுப் போனது. 1977-இல் டிட்காட்டில் ஒரு பழைய கம்பளக் கிடங்கைப் பிடித்து, பாட்ரிக் ஹெட் என்ற இன்ஜினியரோடு மறுபடி தொடங்கினார். மூன்றே வருஷத்தில் பட்டம். 1986-இல் பிரான்சில் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, அதற்கப்புறம் ஆயுசு முழுக்கச் சக்கர நாற்காலி. பட்டங்கள் நிற்கவில்லை. 1997-க்குள் ஒன்பது அணிப் பட்டம், ஏழு ஓட்டுநர் பட்டம்.

இந்தப் பிடிவாதம்தான் கட்டியது, இதேதான் கட்டிப்போட்டது என்பது என் கணிப்பு. வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி அணியில் ஒரு பங்கு கேட்டார், கொடுக்கவில்லை. அவர் மெக்லாரனுக்குப் போனார், 1998-இல் பட்டம் அங்கே போனது. எஞ்சின் கொடுத்துவந்த ரெனோ 1997-உடன் விலகிக்கொண்டது. பிறகு எஞ்சின் கொடுத்த பிஎம்டபிள்யூ அணியையே வாங்கிக்கொள்ளப் பார்த்தது, ஃபிராங்க் விற்கவில்லை. அவர்கள் சாபர் அணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 2012-இல் ஸ்பெயினில் வில்லியம்ஸ் ஓட்டுநர் மால்டொனாடோ ஜெயித்ததோடு வெற்றி நின்றது. 2019-இல் சோதனை ஓட்டத்துக்குக்கூட நேரத்துக்குக் கார் தயாராகவில்லை. 2020-இல் ஒரு புள்ளிகூட இல்லை, அந்த வருஷமே குடும்பம் அணியை விற்றது.

இதைவிட என்னை அடித்துப்போட்டது வேறொரு விஷயம். 2023-இல் வில்லியம்ஸ் அணித் தலைவராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் வவுல்ஸ் வந்து பார்த்தால், காரின் சுமார் இருபதாயிரம் உதிரிபாகங்களின் கணக்கு ஒரே எக்செல் ஃபைலில் இருந்ததாம். எது செய்து முடிந்தது, எது எங்கே கிடக்கிறது என்று அதில் தேடிப் பிடிக்க முடியாது. படித்ததும் எங்கள் ஷெட்டின் ஸ்டோர் கீப்பர் ஞாபகம் வந்தது. எந்த பேரிங் எந்த டப்பாவில் என்பது அவர் மண்டையில் மட்டும் இருக்கும். புது ஓனர் அவரோடு சண்டை போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் ஒரு ஃபேன் பெல்ட்டுக்காக ஒரு வண்டி பகல் முழுக்க நின்றது. பெல்ட் ஷெட்டுக்குள்தான் இருந்தது, எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

மகனின் மெக்லாரனும் ரொம்பக் குதிக்க வேண்டாம். 2015-இல் ஹோண்டா எஞ்சினோடு பத்து அணிகளில் ஒன்பதாவது. ஹோண்டாவின் சொந்த மைதானமான சுசூகாவிலேயே மெக்லாரன் ஓட்டுநர் அலோன்சோ ரேடியோவில் அந்த எஞ்சினைத் திட்டியது உலகத்துக்கே கேட்டது. அதே ஹோண்டாதான் 2021-இல் ரெட் புல் காரில் வெர்ஸ்டாப்பனுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது. அந்த வருஷம் மெக்லாரன் வோக்கிங்கில் இருந்த தன் தலைமையிடத்தையே 17 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, அங்கேயே வாடகைக்கு இருந்தது. அந்த நிலையிலிருந்து 2024-லும் 2025-லும் அணிப் பட்டம். அதுவும் மெர்சிடிஸிடம் வாங்கிய எஞ்சினை வைத்து, மெர்சிடிஸையே முந்தி.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: வர வழி இருக்கிறது. 2021 முதல் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. காரின் மேல் காற்றை ஊதிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையில் பின்னால் இருக்கும் அணிக்கு அதிக நேரம், முதல் அணிக்குக் குறைவு. கடைசி பெஞ்சுக்குக் கூடுதல் டியூஷன் மாதிரி. 2025-இல் வில்லியம்ஸ் ஐந்தாவதாக வந்தது, அதன் ஓட்டுநர் சைன்ஸ் இரண்டு முறை முதல் மூன்றுக்குள் வந்து மேடை ஏறினார். பட்டம் எப்போது என்று கேட்டால், அதற்குச் சோசியக்காரரைத்தான் பார்க்க வேண்டும்.

அதுவரை மகனைச் சமாளிக்க ஒன்று சொல்லித்தருகிறேன். 2023 வரைக்குமான அணிப் பட்டக் கணக்கில் வில்லியம்ஸ் 9, மெக்லாரன் 8. இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். உட்கார்ந்திருந்தால் அதற்கடுத்த இரண்டு வருஷத்தை அவன் எடுத்துவிடுவான்.

அன்புடன்,
அண்ணன்