பாரிஸில் எழுதியதும் முக்கூடலுக்கு வந்ததும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். முக்கூடலை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரசுப் பணியாளர் தேர்வுக்குப் படித்துவருகிறேன். பொது அறிவுப் பகுதியில் சர்வதேசப் பணிக்குழுக்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. எந்த ஆண்டு தொடங்கியது, தலைமையகம் எங்கே, இந்தியா எப்போது சேர்ந்தது என்று உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்கிறேன். பக்கத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா, இவர்கள் எல்லாம் கூடி என்னதான் செய்து தருகிறார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் குழுக்களிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம்? இவற்றில் ஒன்றாவது எங்கள் ஊர் வரை வந்திருக்கிறதா?

ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

உங்கள் அம்மா கேட்டது தேர்வில் வராது. ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். உங்கள் வீட்டுக்கு இரண்டு குழுக்களின் வேலை வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று வந்துவிட்டது. மற்றது இன்னும் வரவில்லை. ஏன் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

வந்தது, எஃப்ஏடிஎஃப் (FATF) எனப்படும் நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் வேலை. 1989-இல் ஜி-7 நாடுகளின் தலைவர்கள் பாரிஸில் கூடியபோது அதை அமைத்தார்கள். போதைப்பொருள் விற்ற பணம் வங்கிகளுக்குள் புகுந்து நல்ல பணமாக வெளிவருவதைத் தடுப்பது அன்றைய நோக்கம். மறு ஆண்டே 40 பரிந்துரைகளை வெளியிட்டார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாதத்துக்குப் போகும் பணமும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. இந்தியா 2010-இல் உறுப்பினரானது. உங்கள் புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கும்.

வங்கி தன் வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது அந்தப் பரிந்துரைகளில் ஒன்று. நம் நாட்டில் அது 2002-இல் இயற்றப்பட்ட சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்திலும் ரிசர்வ் வங்கியின் உத்தரவுகளிலும் நுழைந்து, கடைசியில் ‘வாடிக்கையாளரை அறிந்துகொள்’ என்னும் கேஒய்சி படிவமாக முக்கூடல் பக்கத்து வங்கிக் கவுண்டரில் வந்து நிற்கிறது.

அந்தக் கவுண்டரின் முன்னால் உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். படிவத்தைப் புதுப்பிக்காததால் கணக்கு முடங்கிவிட்டது. பீடிக் கூலி முழுவதும் அதற்குள் கிடந்தது. ஊழியர் ரேகைக் கருவியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் பெருவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், கருவி ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தார், அதையும் ஏற்கவில்லை. இலையையும் தூளையும் ஆண்டுக்கணக்கில் உருட்டிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? வேறு விரலை வையுங்கள் என்று ஊழியர் சொல்லிக்கொண்டே இருந்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் அந்த அம்மாள் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

இந்த இடத்தில் நாம் நியாயமாகப் பேச வேண்டும். ரேகை வேண்டும் என்று பாரிஸில் யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளரை அறிந்துகொள் என்பது மட்டுமே அவர்கள் வகுத்த நெறி. எந்த ஆவணம், எந்தக் கருவி என்பது நம் அரசு எடுத்த முடிவு. ஆபத்து குறைவான இடத்தில் கெடுபிடியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் அதே நெறி சொல்கிறது. அதன்படி 2010-இல் நம் விதிகளில் சிறு கணக்கு என்ற வகை சேர்க்கப்பட்டது. அடையாள ஆவணம் எதுவும் இல்லாதவர்கூட, வங்கி அதிகாரியின் முன்னிலையில் புகைப்படத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து 50,000 ரூபாய் இருப்புக்கு உட்பட்டு அந்தக் கணக்கைத் தொடங்கலாம். உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கெடுபிடியான பாதி கவுண்டர் வரை வந்துவிட்டது. சலுகையான பாதியை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

படையும் நீதிமன்றமும் இல்லாத ஒரு குழுவின் சொல் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் உண்டு. பிற நாட்டு நிபுணர்கள் நேரில் வந்து பார்க்கிறார்கள். 2023 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தார்கள். 2024 செப்டம்பரில் மதிப்பீட்டு அறிக்கை வெளியானது. தேறாத நாடு, குறைகளைச் சரிசெய்யும் வரை கண்காணிப்பில் வைக்கும் சாம்பல் பட்டியலில் சேரும். பாகிஸ்தான் 2018 முதல் 2022 வரை அதில் இருந்தது. அப்படி ஒரு நாட்டோடு பணப் பரிமாற்றம் செய்ய வெளிநாட்டு வங்கிகள் தயங்கும். அந்தப் பயத்தில் அரசுகள் சட்டத்தைத் திருத்துகின்றன.

இனி, வராததைப் பற்றி.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்காக உலக சுகாதார நிறுவனத்தில் 2003-இல் ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆவது பிரிவைத் தயவுசெய்து தேடிப் படியுங்கள். புகையிலைத் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் கட்டுப்படியாகக்கூடிய மாற்றுத் தொழில் கிடைக்க நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. இந்தியா இதில் கையெழுத்திட்ட நாடு. அந்தப் பிரிவை எப்படிச் செயல்படுத்துவது என்று ஒரு பணிக்குழு பல ஆண்டுகள் பேசியது. அதன் பரிந்துரைகள் 2014-இல் மாஸ்கோ மாநாட்டில் ஏற்கப்பட்டன. தொழிலாளர்களையும் கலந்தாலோசித்தே கொள்கை வகுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அடுத்த மாநாடு 2016-இல் நம் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவிலேயே நடந்தது.

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று வீடு வீடாகப் பெண்கள் பீடி சுற்றும் ஊர்கள் எனக்குத் தெரியும். உங்களைக் கலந்து பேச வந்திருக்கிறோம் என்று அங்கே யாரும் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. பீடி உடம்புக்குக் கேடு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பிடிப்பவருக்கும் கேடு, சுற்றுபவருக்கும் கேடு. அதனாலேயே 17-ஆவது பிரிவு எனக்கு முக்கியம். தொழில் சுருங்கினால் அந்தப் பெண்கள் எதை வைத்து வீட்டை நடத்துவார்கள் என்று உலக நாடுகள் கூடி யோசித்து, எழுதியும் வைத்துவிட்டு, அதைச் சரிபார்க்க ஆள் போடாமல் எழுந்து போய்விட்டன. ஈராண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். நிதி நடவடிக்கைப் பணிக்குழுவைப் போல நேரில் வந்து பார்க்கும் ஏற்பாடு இதில் இல்லை.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், அணை திறந்த செய்தியைக் கேட்டு யாரும் நாற்றுப் பாவிவிட மாட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்றுதான் கேட்பார்கள். பணிக்குழுவிடமும் அதையே எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள், யாருடைய பணத்தில், செய்யாவிட்டால் வந்து கேட்பது யார் என்பதை அதன் அறிக்கை சொல்ல வேண்டும். இவை இல்லாத அறிக்கையை, எத்தனை நாடுகள் கையெழுத்திட்டிருந்தாலும், முடிந்த வேலையாக நான் எண்ண மாட்டேன். யாருக்காக எழுதுகிறார்களோ அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதவும் வேண்டும். ரேகை அழிந்த விரலைப் பற்றி ஒரு பீடித் தொழிலாளியால் சொல்லியிருக்க முடியும்.

இந்த உடன்படிக்கைக்காக இந்தியா அனுப்பும் அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. தேர்வுப் படிப்புக்கு நடுவே ஒரு மாலை ஒதுக்கி, 17-ஆவது பிரிவுக்கு நேராக நம் அரசு என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.