குழந்தையின் கழுத்தைச் சொடுக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்

மாலையானால் அழும் உங்கள் 7 வாரக் குழந்தைக்காக, தோழியின் பேச்சைக் கேட்டுக் கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் சொடுக்கியும் சரிசெய்வதாகச் சொல்பவர்) நேரம் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிரசவத்தில் தலையில் வேக்குவம் என்ற உறிஞ்சு கருவி வைத்து எடுத்ததில் குழந்தையின் முதுகெலும்பு பிசகிவிட்டதோ என்ற அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அப்படி எதுவும் தெரியவில்லை. இரண்டு கைகளையும் சமமாக வீசுகிறான், நன்றாக உதைக்கிறான், எடையும் கூடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்டுவடத்திலோ தோள் நரம்பிலோ காயம் பட்டிருந்தால் கையோ காலோ துவண்டு கிடந்திருக்கும்.

7 வாரக் குழந்தை மாலையானால் முகம் சிவந்து, காலை மடக்கி, மணிக்கணக்கில் அழுவது கோலிக். ஏறக்குறைய 6 வாரத்தில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் அது தானாகவே அடங்கிவிடும். இடையில் யார் என்ன செய்தாலும் குணமாக்கிய பெயர் அவருக்குப் போய்விடுகிறது. 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சலோ, பச்சை நிற வாந்தியோ, பால் மறுப்போ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சென்னையிலிருந்து வரவழைத்த சொட்டு மருந்தை இனி ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். அதில் இருப்பதாக நீங்கள் குறிப்பிட்டிருக்கும் டைசைக்ளோமின், மூச்சுத் தடை ஏற்படுத்தக்கூடியது என்பதால், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கூடவே கூடாத மருந்து.

தோழி சொல்லும் கைரோபிராக்டிக், 1895-இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய முறை. எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்துவதே நோய்க்குக் காரணம் என்பது அவர் கொள்கை. 'உரம் விழுந்திருக்கிறது, துணியில் போட்டு உருட்டு' என்று தொலைபேசியில் சொல்லும் உங்கள் மாமியாரின் கருத்தும் ஏறத்தாழ அதுவேதான். அவர் கட்டணம் கேட்பதில்லை. கைரோபிராக்டர்கள் மென்மையாகத்தான் செய்வார்கள் என்ற சமாதானம் எனக்குப் போதாது. நீங்கள் வசிக்கும் ஆஸ்திரேலியாவிலேயே, 2 வயதுக்கு உட்பட்டவர்களின் முதுகெலும்பைக் கையாள வேண்டாம் என்று கைரோபிராக்டிக் வாரியம் 2019-இல் அறிவித்து, பின்னர் தளர்த்தி, சுகாதார அமைச்சர்கள் எதிர்த்ததும் 2024-இல் அந்தக் கட்டுப்பாட்டை மீண்டும் கொண்டுவந்தது.

இத்தனைக்கும் நடுவே நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தலை எப்போதும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, முகம் இடப்பக்கமே திரும்புகிறது, பின்தலையில் இடப்பக்கம் தட்டையாகி வருகிறது. வலக் காதின் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசை இறுகியிருந்தால் இப்படித்தான் தெரியும். சில குழந்தைகளுக்கு அந்தத் தசையில் சிறு கட்டிபோலக் கைக்குத் தட்டுப்படும். கருப்பையில் இருந்த நிலையாலும் இது வரலாம் என்பதால் பிரசவத்தை மட்டும் நொந்துகொள்ளாதீர்கள். 3 மாதத்துக்குள் பிசியோதெரபி தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் சரியாகிவிடுகிறது. தள்ளிப்போட்டால் அதே பயிற்சி பல மாதங்களுக்கு நீளும். அரிதாக, பிறவியிலேயே கழுத்தெலும்புகள் ஒட்டியிருப்பதாலோ பின்மூளைக் கட்டியாலோகூடத் தலை சாயும் என்பதால், காரணம் தெரியாத ஒரு கழுத்தைத் திருகவோ சொடுக்கவோ யாரையும் விடக் கூடாது.

எனவே கைரோபிராக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்துவிட்டு, இந்த வாரமே உங்கள் குடும்ப மருத்துவரிடம் கழுத்தைக் காட்டி, குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இந்தத் தசை இறுக்கம் உள்ள சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருப்பதுண்டு. அதற்கு அல்ட்ராசவுண்ட் தேவையா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். அதுவரை, தூங்க மல்லாந்தே படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்தபடி சற்று நேரம் குப்புறப் போட்டு, கிலுகிலுப்பையை வலப்பக்கமாகக் காட்டி, தானாகத் திரும்ப விடுங்கள்.