வாடகைத் தாய், இரண்டு அம்மா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்விகளை அனுப்பச் சொன்னேன், நாற்பதுக்கு மேல் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் திருச்சிக்காரி, என் துணைவி யாழ்ப்பாணம், இருவரும் லண்டன்வாசிகள். எங்கள் மகள் 2022-ல் கலிபோர்னியாவில் ஒரு வாடகைத் தாய் மூலம் பிறந்தாள். அன்றிலிருந்து எங்களைப் போன்ற ஜோடிகளுக்குக் காகித வேலையில் கூடமாட இருந்து வருகிறேன். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. அவர்களிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

லெஸ்டரிலிருந்து ஒரு தங்கை: நாங்கள் இரண்டு பெண்கள், திருமணம் ஆகிவிட்டது. வாடகைத் தாய்க்கு எந்த நாடு மலிவு, அக்கா?

நாட்டை அப்புறம் பார்ப்போம். உங்கள் இருவரில் ஒருவருக்காவது குழந்தையைச் சுமக்கக்கூடிய கர்ப்பப்பை இருக்கிறதா? இதைக் கேட்டால் பாதிப் பேர் "நாங்கள் டாக்டரிடம் அதைப் பேசவே இல்லையே" என்கிறார்கள். இரண்டு ஆண்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு உண்டு. ஒருத்தியின் கருமுட்டை, தானமாக வந்த விந்து, மற்றவளின் கர்ப்பப்பை. இப்படி ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) செய்துகொண்டால் செலவு பல மடங்கு குறையும். சட்டச் சிக்கலும் அநேகமாக இல்லை: திருமணமான ஜோடி இங்கேயே சிகிச்சை எடுத்தால் பிறப்புப் பதிவிலேயே இருவர் பெயரும் வந்துவிடும்.

"எனக்கு 41 வயது, இனி முடியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். வயது அதிகம் பாதிப்பது முட்டையை, கர்ப்பப்பையை அந்த அளவுக்கு இல்லை. உங்கள் துணைவிக்கு 33 என்றால் அவர் முட்டையை நீங்கள் சுமக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வயதானால் ரத்த அழுத்தம், சர்க்கரை மாதிரி ஆபத்துகள் கூடும், ஆனால் அதற்காகக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

எங்கள் நிலைமை வேறு. கட்டிகளால் எனக்கு 31 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பைகள் மட்டும் மிச்சம். என் துணைவிக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு வைத்திருக்கிறது. அதற்காக வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும், அந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். "கர்ப்பம் உங்களுக்கு உயிர் ஆபத்து" என்று இதய மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகுதான் வாடகைத் தாய் பற்றியே யோசித்தோம்.

கிராய்டனிலிருந்து: கருமுட்டை என்னுடையது. நாங்கள்தான் பெற்றோர் என்று கலிபோர்னியா கோர்ட் பிரசவத்துக்கு முன்பே தீர்ப்பு கொடுத்துவிடுமாமே. அப்புறம் இங்கே எதற்கு இன்னொரு கோர்ட்?

நானும் இப்படித்தான் நினைத்தேன். பிரிட்டிஷ் சட்டத்தில் தாய் என்றால் பெற்றவள். உலகத்தில் எங்கே பெற்றாலும், முட்டை யாருடையதாக இருந்தாலும் அவள்தான். அவளுக்குக் கணவன் இருந்து, அவன் இதற்குச் சம்மதித்திருந்தால் அவன்தான் இரண்டாவது பெற்றோர். அமெரிக்கத் தீர்ப்பு இதை மாற்றாது. கையில் உங்கள் இருவர் பெயரும் போட்ட பிறப்புச் சான்றிதழ் இருக்கும், ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் மூன்றாம் மனுஷி.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு வலி உண்டு. எங்களுக்குத் தெரிந்த இரண்டு ஆண்கள், திருமணமாகாத வாடகைத் தாயை அமர்த்திக்கொண்டார்கள். விந்து கொடுத்தவர் பிரிட்டிஷ்காரர். தந்தை அவர்தான் என்று நிரூபித்து, பிள்ளைக்கு நேரடியாகப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்டார்கள். முட்டை கொடுத்த பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. முட்டை தந்தவள் சட்டப்படி யாரும் இல்லை. அதனால் நமக்குப் பேரண்டல் ஆர்டர், அதாவது பெற்றவளிடமிருந்து பெற்றோர் உரிமையை நம் பெயருக்கு மாற்றும் நீதிமன்ற ஆணை, தவிர்க்க முடியாதது. 2008-ம் ஆண்டு பிரிட்டிஷ் கருத்தரிப்பு, கருவியல் சட்டத்தின் 54-வது பிரிவு. ஒருபால் ஜோடிகளுக்கு 2010-லிருந்தும், தனி ஆளுக்கு 2019 ஜனவரியிலிருந்தும் திறந்திருக்கிறது.

குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். 2014-ல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு தாமதமான மனுக்களையும் நீதிமன்றம் ஏற்கிறது, ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். உங்களில் ஒருவரின் முட்டையாவது இருந்தாக வேண்டும். இருவரின் முட்டையும் இல்லாமல் தானக் கருவை வாடகைத் தாய் சுமந்தால் இந்த ஆணை கிடைக்காது, தத்தெடுப்புப் பக்கம்தான் போக வேண்டும். இதே கேள்வியை வேறு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மூவருக்கும் இதுவே பதில்.

வாடகைத் தாயின் சம்மதக் கடிதம் பிரசவமாகி 6 வாரம் முடிந்த பிறகே செல்லும். இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். எங்கள் வாடகைத் தாய் நல்ல மனசுக்காரி, சீக்கிரம் முடித்துக் கொடுப்போம் என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். தேதியை எண்ணிப் பார்த்தால் 40-வது நாள். 42 ஆகியிருக்க வேண்டும். இரண்டு நாள் வித்தியாசத்துக்காகப் புதுப் படிவம், மறுபடி நோட்டரி, மறுபடி கூரியர். சமையலறைக் காலண்டரில் நாளை எண்ணாமல் விட்டது எங்கள் தப்புதான்.

ரெடிங்கிலிருந்து: நான் சென்னையிலிருந்து வந்து 4 வருடம் ஆகிறது, ஸ்கில்டு ஒர்க்கர் விசா. துணைவி மதுரை, அவரும் விசாவில்தான். எங்களுக்கு இது சரிப்படுமா?

உங்கள் கேள்வியைத்தான் முதலில் எடுத்து வக்கீலிடம் ஓடச் சொல்வேன். ஆணை கேட்பவர்களில் ஒருவராவது பிரிட்டனில் டொமிசைல் உடையவராக இருக்க வேண்டும். டொமிசைல் என்பது வசிப்பதும் இல்லை, விசாவும் இல்லை. எந்த மண்ணை நிரந்தர வீடாக வரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது. பிறப்பால் வந்த டொமிசைல் லேசில் போகாது. "ரிட்டயர் ஆனால் மதுரையில் வீடு கட்டிப் போய்விடுவோம்" என்று எண்ணுபவர்களுக்கு நீதிமன்றத்தில் கஷ்டம்.

ஆணை கிடைத்தாலும், உங்களில் யாரும் பிரிட்டிஷ் குடிமக்கள் இல்லை என்றால் குழந்தைக்குக் குடியுரிமை அதோடு வராது. நிரந்தரக் குடியிருப்பும் குடியுரிமையும் வாங்கிய பிறகு தொடங்கலாமா என்று யோசியுங்கள். முட்டைக்கு வயதாகிறதே என்ற கவலை இருந்தால் இப்போதே முட்டையையோ கருவையோ உறையவைக்கலாம்.

வெம்பிளியிலிருந்து: கலிபோர்னியாவா, கனடாவா? டொரன்டோவில் எனக்கு மாமி இருக்கிறார்.

மாமி இருப்பது பெரிய வரம், பிள்ளை பிறந்த முதல் மாதத்தில் ரசம் சாதம் யார் தருவார்கள்!

கனடாவில் 2004-ம் ஆண்டுச் சட்டப்படி வாடகைத் தாய்க்குச் சம்பளம் கொடுப்பது குற்றம். 10 ஆண்டு சிறை, 5 லட்சம் கனடிய டாலர் அபராதம் வரை போகும். அவளுடைய உண்மையான செலவுகளை ரசீதோடு திருப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அதனால் மொத்தச் செலவு குறைவு. ஆனால் முன்வரும் பெண்களும் குறைவு, வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்டாரியோவில் 2017-லிருந்து நல்ல ஏற்பாடு இருக்கிறது: கரு தரிக்கும் முன்பே எழுத்து ஒப்பந்தம், இரு தரப்புக்கும் தனித்தனி வக்கீல், குழந்தைக்கு 7 நாள் ஆன பிறகு வாடகைத் தாய் எழுதிக் கொடுத்தால் கோர்ட்டுக்கே போகாமல் இருவர் பெயரிலும் பதிவு. வாடகைத் தாயின் மருத்துவச் செலவை மாகாணக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பெற்றோரின் குழந்தைக்கும் அது கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், தனியாகக் கேளுங்கள்.

கலிபோர்னியாவில் பணம் கொடுப்பது சட்டபூர்வம், சட்டம் தெளிவு, ஏஜென்சிகள் ஏராளம். எங்களுக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,70,000 டாலர் ஆனது. ஹாரோவில் இருந்த ஃபிளாட்டை விற்றோம். அப்படியென்றால் ஏன் கலிபோர்னியா? என் முட்டை இருப்பு வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது, காத்திருக்கத் தெம்பில்லை.

எங்கள் மகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை பிறந்ததுமே வந்தது. இப்போது தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் போட்ட உத்தரவு, பிறப்பால் வரும் குடியுரிமையைச் சுருக்கப் பார்த்தது. அதில் தாய் என்பதற்கு உயிரியல் வழித் தாய் என்ற பொருளில் ஒரு வரையறை இருக்கிறது. முட்டை உங்களுடையது என்றால் அந்த வார்த்தை நம்மைத்தான் தொடுகிறது. நீதிமன்றங்கள் அந்த உத்தரவைத் தடுத்தன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் நிலவரம் என்ன என்று அமெரிக்க வக்கீலிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் குழந்தையைக் கூட்டிவந்தாலும், 2025 ஜனவரியிலிருந்து பிரிட்டனுக்குள் நுழைய முன்அனுமதி வேண்டும். வெறும் சுற்றுலாப் பயணியாகக் கூட்டிவரலாமா, முறையான நுழைவு அனுமதி எடுக்க வேண்டுமா என்பதைக் கர்ப்பம் உறுதியானதுமே குடியேற்ற வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: பணத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

ஏஜென்சியின் சொந்தக் கணக்கில் மொத்தப் பணத்தையும் போடாதீர்கள். எஸ்க்ரோ என்கிற பொறுப்புக் கணக்கில்தான் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஏஜென்சிக்குச் சம்பந்தமில்லாத, பிணைப்பத்திரம் உள்ள நிறுவனத்திலோ வக்கீலின் டிரஸ்ட் கணக்கிலோ பணம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2024-ல் டெக்சாஸில் இப்படி ஒரு எஸ்க்ரோ நிறுவனத்திலேயே பணம் காணாமல்போய், கர்ப்பத்தின் நடுவில் பல குடும்பங்கள் தவித்தன. அதனால் மாதா மாதம் கணக்கு அறிக்கை கேளுங்கள். சங்கடப்படாதீர்கள்.

அடுத்த ஓட்டை காப்பீடு. வாடகைத் தாயின் சொந்தக் காப்பீட்டில் "பிறருக்காகச் சுமக்கும் கர்ப்பத்துக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். முழுப் பத்திரத்தையும் அதற்கென இருக்கும் ஆளிடம் படிக்கக் கொடுங்கள். குறைமாதக் குழந்தை ஐசியூவில் இருந்தால் வரும் பில் வீட்டையே முழுங்கிவிடும்.

ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். நியாயமான செலவுக்கு மேல் கொடுத்த தொகையை லண்டன் நீதிபதி அங்கீகரிக்க வேண்டும். நாங்கள் கொடுத்த கர்ப்பகால உடைச் செலவு வரை அவர் கையில் இருந்தது.

மில்டன் கீன்ஸிலிருந்து: லண்டனில் உறையவைத்த நான்கு கரு இருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் ரத்தப் பரிசோதனையை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் வேறொரு பெண்ணின் கர்ப்பப்பையில் வைக்கும் கரு என்றால், முட்டை தந்த நீங்களும் தானம் கொடுப்பவர் மாதிரி. முட்டை எடுப்பதற்கு முந்தைய 30 நாளுக்குள், அல்லது எடுத்த பின் 7 நாளுக்குள் தொற்றுநோய்ப் பரிசோதனை, அதுவும் அவர்கள் ஏற்கும் ஆய்வகத்தில் ஆகியிருக்க வேண்டும். எங்களுடைய முதல் மூன்று கருவை லண்டனில்தான் உருவாக்கினோம். இந்த விதியை யாரும் சொல்லவில்லை, அமெரிக்க மையம் ஏற்க மறுத்துவிட்டது. மறுபடி ஊசி, மறுபடி முட்டை எடுப்பு, இந்த முறை அங்கேயே. விந்து தந்தவர் வெளிநாட்டில் பயன்படுத்தச் சம்மதித்திருக்கிறாரா என்பதையும் இங்கேயுள்ள மையத்திடம் கேளுங்கள்.

சென்னையிலிருந்து: நானும் என் தோழியும் 7 வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். வெளிநாட்டில் வாடகைத் தாய் வழியில் குழந்தை பெற்று இங்கே கொண்டுவர முடியுமா?

தங்கச்சி, பூசி மெழுகாமல் சொல்கிறேன், வேண்டாம். இந்தியாவின் 2021-ம் ஆண்டுச் சட்டம் ஆண்-பெண் திருமண ஜோடிக்கும், 35 முதல் 45 வயது வரையுள்ள விதவை, விவாகரத்தான பெண்ணுக்கும் மட்டும்தான், அதுவும் காசு வாங்காமல். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை ஏற்க மறுத்துவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னது மனதுக்கு ஆறுதல். ஆனால் பாஸ்போர்ட் ஆபீசில் அது இரண்டு அம்மா பெயரைத் தராது.

உங்களில் ஒருவர் சுமக்க முடிந்தால் இந்தியாவிலேயே வழி இருக்கிறது. தனிப் பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரை தான விந்துடன் ஐவிஎஃப் சட்டபூர்வம். பெற்றவள் மட்டும்தான் சட்டப்படி தாய். மற்றவருக்காக, இந்துக்களாக இருந்தால், தாய் தன் உயிலில் அவரைக் காப்பாளராக எழுதி வைக்கலாம். குழந்தை பிறந்த வாரமே எழுதுங்கள்.

சிட்னியிலிருந்து: எங்கள் மாநிலத்தில் இது குற்றம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நியூ சவுத் வேல்ஸ் ஆள் வெளிநாட்டுக்குப் போய்க் காசு கொடுத்து வாடகைத் தாயை அமர்த்தினாலும் குற்றம், 2 ஆண்டு வரை சிறை. குயின்ஸ்லாந்திலும் குற்றம்தான். ஐரோப்பாவில் இத்தாலி 2024-ல் இன்னும் கடுமையாகச் சட்டம் போட்டது. கலிபோர்னியாவை மறந்துவிட்டு, காசு வாங்காத வழியைப் பற்றி உள்ளூர் வக்கீலிடம் பேசுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: காசுக்காக ஒரு பெண்ணின் வயிற்றை வாங்குவது உங்களுக்கு உறுத்தவில்லையா?

உறுத்தியது. அதனால்தான் ஏற்கெனவே சொந்தப் பிள்ளை பெற்றவளா, வேறு வருமானம் இருக்கிறதா, அவளுக்கென்று தனி வக்கீல் இருக்கிறாரா, கர்ப்பத்தில் தன் உடம்பைப் பற்றிய முடிவு அவள் கையிலேயே இருக்கும் என்று ஒப்பந்தம் சொல்கிறதா என்றெல்லாம் பார்த்தோம். இதற்கு மேல் உறுத்தல் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

ஏழாம் மாதம் அவளைப் பார்க்கப் போனோம். என் அம்மா திருச்சியிலிருந்து வளைகாப்புக்கென்று கண்ணாடி வளையல் வாங்கி அனுப்பியிருந்தாள், 2.6 அளவு. வாடகைத் தாய்க்குப் பெரிய கை, விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. சோப்புத் தண்ணீர் போட்டு, அவள் புருஷன் பிடிக்க, நான் தள்ள, இரண்டு உடைந்தது. கடைசியில் சாக்ரமென்டோவில் ஒரு இந்தியக் கடையில் 2.10 கிடைத்தது. பிரசவ அறைக்குள் போகும் வரை கழற்ற மாட்டேன் என்று அதைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

இல்ஃபோர்டிலிருந்து: குழந்தை உங்கள் இருவரையும் எப்படிக் கூப்பிடுகிறாள்?

என்னை அம்மா, அவளை மம்மி என்று திட்டம் போட்டு வைத்திருந்தோம். மேடம் கேட்கவில்லை. இருவருமே அம்மாதான். தப்பான ஆள் திரும்பிப் பார்த்தால், "நீ இல்ல, அந்த அம்மா" என்று கையைக் காட்டுவாள்.