டாங்கிள் கடிதங்கள்: எண்ணைச் சொல்லுங்கள், வழி சொல்கிறேன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லினக்ஸில் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் (கணினியில் செருகும் வைஃபை குச்சி) புராணம். அதிலும் பாதி, "லைட் எரியுது, நெட் வரல" என்பதோடு முடிந்துவிடுகிறது. எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! டாங்கிளைச் செருகுங்கள், டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி என்று அடியுங்கள். வரும் வரியில் முக்காற்புள்ளிக்கு இரு பக்கமும் நான்கு நான்காக எட்டு எழுத்து இருக்கும். அதுதான் நான் கேட்கும் எண். அது இல்லாத கடிதத்தை வைத்து நான் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

உபுண்டுவில் அப்டேட் போட்டேன், வைஃபை காணாமல் போய்விட்டது. நேற்றுவரை நன்றாக ஓடியது. (ஜூரோங் வெஸ்ட்)

நேற்று இருந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இன்று இல்லையே! எங்கிருந்தோ மூலநிரலை இறக்கி, கைப்பட கம்பைல் செய்த (ஓடும் நிரலாக மாற்றிய) டிரைவர், அதாவது டாங்கிளை இயக்கும் மென்பொருள், அந்தப் பழைய கர்னலுக்கு மட்டும்தான் பொருந்தும். இப்போதைக்கு, பூட் ஆகும்போது கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். பிறகு புதிய கர்னலுக்கான ஹெடர் பொதியை நிறுவி, டிரைவரை டிகேஎம்எஸ் வழியாகப் போடுங்கள். அடுத்த அப்டேட்டில் அது தானாகவே மறுபடி கம்பைல் ஆகிக்கொள்ளும், பெரும்பாலும். "பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கர்னலின் உள்ளமைப்பு மாறினால் கம்பைலே நின்றுவிடும். ஆகவே, அப்டேட் போடுமுன் கைபேசியையும் கேபிளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி டெதரிங் (கைபேசியின் நெட்டைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுப்பது) எந்த டிரைவரையும் இறக்காமல் ஓடும்.

என் டாங்கிள் எல்எஸ்யுஎஸ்பியில் சிடி டிரைவ் என்று வருகிறது! (தெம்பனிஸ்)

பழுதில்லை. உள்ளே விண்டோஸ் டிரைவரை வைத்து, முதலில் சிடி வேஷம் போடும் ரகம். யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் பொதியை நிறுவுங்கள், அல்லது அந்தச் 'சிடி'யை இஜெக்ட் செய்யுங்கள். வேஷத்தைக் கலைத்துவிட்டு வேறு எண்ணோடு வரும். எனக்கு எழுத வேண்டியது அந்த இரண்டாவது எண்ணை.

போன வருடம் ஒரு டாங்கிள் வாங்கினேன், செருகியதும் ஓடியது. தம்பிக்கும் அதே மாடல், அதே பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அவனுடையது அசையவே இல்லை. கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா? (உட்லண்ட்ஸ்)

என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள்.

அதே பெட்டி, அதே மாடல்தான். உள்ளே இருக்கும் சிப் மட்டும் வேறு. இந்தத் தொழிலில் இது சர்வ சாதாரணம். ஊரறிந்த உதாரணம், டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என். முதல் பதிப்பில் ஏத்தெராஸ் ஏஆர்9271 இருந்தது. 2010 வாக்கிலேயே அதற்கான டிரைவர் லினக்ஸ் கர்னலுக்குள் வந்துவிட்டது, சிப்புக்குள் ஏற்றும் மென்பொருளான ஃபர்ம்வேரின் மூலநிரல்கூடப் பின்னால் வெளியானது. இரண்டாம் பதிப்பில் உள்ளே உட்கார்ந்தது ரியல்டெக் ஆர்டிஎல்8188இயு. பெயரும் அதேதான், ஆண்டெனாவும் அதேதான். வித்தியாசமெல்லாம் பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கரில், எறும்பு அளவு எழுத்தில், 'வி1', 'வி2' என்று. இணையத்தில் பழைய பாராட்டுகளைப் படித்துவிட்டு இரண்டாம் பதிப்பை வாங்கியவர்கள் எத்தனை பேர்!

நானும் மாட்டியவன்தான். சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடை. "பாஸ், லினக்ஸ் சப்போர்ட் உண்டா?" என்றேன். "எல்லாம் ஓடும், எல்லாம் ஓடும்" என்று கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் 'லினக்ஸ்' என்று அச்சடித்திருந்தது உண்மை. 30 வெள்ளி கொடுத்தேன். வீட்டில் திறந்தால் ஒரு குட்டி சிடி, அதற்குள் 2.6 காலத்துக் கர்னலுக்கு எழுதிய மூலநிரல். அன்று என் கணினியில் ஓடியது 5 வரிசைக் கர்னல். முதல் கம்பைலிலேயே பிழைச் செய்தி திரை முழுக்க மழையாகக் கொட்டியது. இரவு இரண்டு மணிக்குப் படுத்தேன்.

ஆகையால், மாடலைப் பார்த்து வாங்காதீர்கள், சிப்பைப் பார்த்து வாங்குங்கள். மீடியாடெக் எம்டி7612யு என்றால் 2018இல் வந்த 4.19 கர்னலிலிருந்து டிரைவர் உள்ளேயே இருக்கிறது. எம்டி7921ஏயு என்றால் 2022இன் 5.18 முதல். இரண்டுக்கும் கம்பைல் தொல்லை கிடையாது. ஃபர்ம்வேர் பொதி மட்டும் இருக்க வேண்டும். 'எரர் -2' என்று டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவில்) வந்தால் அந்தக் கோப்பு இல்லை என்று பொருள். ரியல்டெக் இப்போது கொஞ்சம் திருந்தியிருக்கிறது. கர்னல் 6.2 முதல் பல யுஎஸ்பி சிப்புகளுக்கு உள்ளேயே டிரைவர் உண்டு. பத்து வருடத்துக்கு மேல் ஊரையே கம்பைல் செய்ய வைத்த ஆர்டிஎல்8812ஏயு சிப்புக்கும் 2025 கர்னல்களில் இடம் கிடைத்துவிட்டது. டெபியன் லினக்ஸின் பழைய பதிப்பில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள்.

கடையில் மாற்றித் தருவார்களா? விண்டோஸில் செருகிக் காட்டுவார்கள். ஓடும். பேச்சு அதோடு முடிந்தது. தம்பியுடைய எண்ணை அனுப்புங்கள்.

மாட்ப்ரோப் கட்டளையால் டிரைவரை ஏற்றினால் 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்கிறது. (ஈசூன்)

செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு. டிஜிட்டல் கையெழுத்திடாத டிரைவரைக் கர்னல் ஏற்காது. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் எம்ஓகே சாவியைப் பதிவு செய்து, ரீபூட்டில் வரும் நீலத் திரையில் உறுதிப்படுத்துங்கள். அந்தத் திரை சில நொடிதான் நிற்கும்; நடுவில் எழுந்து காப்பி போடப் போகாதீர்கள்.

ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போல இன்னொரு இலவச இயங்குதளம்) நிறுவினேன். டிமெசேஜில் 'ரன்0' தெரிகிறது, இஃப்கான்ஃபிக் காட்டும் நெட் இணைப்புகளின் பட்டியலில் இல்லை. (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்)

கையேட்டைப் படித்துவிட்டு வந்திருக்கலாம், தம்பி. ஆனாலும் எந்த டிரைவர் என்று எழுதிக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான், அதனால் சொல்கிறேன். ஃப்ரீபிஎஸ்டியில் ரன்0 வெறும் வன்பொருள். அதன் மேல் வ்லான்0 என்று ஒரு இன்டர்ஃபேஸை (நெட் இணைப்பு முகத்தை) நீங்கள்தான் உருவாக்க வேண்டும். ஆர்சி.கான்ஃப் கோப்பில் 'வ்லான்ஸ்_ரன்0' என்பதற்கு வ்லான்0 என்று மதிப்புக் கொடுங்கள், வ்லான்0 வரியில் டபிள்யூபிஏ (கடவுச்சொல் பாதுகாப்பு), டிஹெச்சிபி (முகவரி தானாகப் பெறுவது) இரண்டையும் சேருங்கள். கடவுச்சொல் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் கோப்பில். ரன் என்றால் ராலிங்க் சிப், அதனால் ஓடும். வேகத்தில் பறக்காது.

பெட்டியில் 1300 எம்பிபிஎஸ். எனக்கு 40தான் வருகிறது. டிரைவர் கோளாறா? (பொங்கோல்)

1300 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 400ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் சேர்த்த கணக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் வராது. அது கிடக்கட்டும். கடிதத்தின் கடைசி வரியில், ரூட்டரை பாம் ஷெல்ட்டருக்குள் வைத்திருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே! வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அந்த அறைக்குச் சுற்றிலும் கம்பி கட்டிய கான்கிரீட், வாசலில் இரும்புக் கதவு. குண்டு வெடித்தாலும் தாங்கக் கட்டிய அறையிலிருந்து வைஃபை எப்படி வெளியே வரும்? முதலில் ரூட்டரைக் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பிறகு இன்னொன்று: யுஎஸ்பி 3 சாதனங்களின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். டாங்கிளுக்குப் பக்கத்திலேயே வன்தட்டைச் செருகியிருந்தால், ஒரு முழ நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள். ஐந்து வெள்ளிகூட ஆகாது.

ரூட்டர் சேனல் 13இல் இருக்கிறது. கைபேசிக்குத் தெரிகிறது, லினக்ஸுக்குத் தெரியவில்லை. (பிடோக்)

உங்கள் கணினி, சேனல் 13ஐப் பயன்படுத்தாத அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். 'ஐடபிள்யூ ரெக் கெட்' போட்டுப் பாருங்கள். நாட்டுக் குறியீடு யுஎஸ் என்றிருந்தால் சிங்கப்பூருக்கான எஸ்ஜி என்று மாற்றுங்கள்.

'காலி' என்ற பாதுகாப்புச் சோதனை லினக்ஸ் வைத்திருக்கிறேன். மானிட்டர் மோட் (சுற்றியுள்ள வைஃபை எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்பது) உள்ள நல்ல டாங்கிள் எது? பக்கத்து வீட்டு வைஃபையைச் சோதித்துப் பார்க்க. (பெயர் வேண்டாம்)

பெயர் வேண்டாம் என்றதிலேயே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு வைஃபையில் அனுமதியில்லாமல் நுழைந்ததற்காக 2006இலேயே இங்கே சிங்கப்பூரில் 17 வயதுப் பையன்மேல் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. உங்கள் சொந்த ரூட்டரைச் சோதியுங்கள், டாங்கிள் சொல்கிறேன்.

டாங்கிள் வேலை செய்யவில்லை. அவசரம். (ஊர் இல்லை)

எண்.

ராஸ்பெரி பையில் செருகினால் 'எரர் -71' வந்துகொண்டே இருக்கிறது. (செங்காங்)

டிரைவரை விட்டுவிடுங்கள். போதாத மின்சாரம் அல்லது மட்டமான கேபிள். மின்னிணைப்பு உள்ள ஹப் வாங்குங்கள்.

வ்லான்0 இருந்த இடத்தில் 'டபிள்யூஎல்எக்ஸ்' என்று தொடங்கி நீளமாக ஏதோ வருகிறது. வைரஸா? (அங் மோ கியோ)

இல்லை. டபிள்யூஎல்எக்ஸ் மூன்று எழுத்து, பின்னால் உங்கள் டாங்கிளின் எம்ஏசி முகவரி (அந்த வன்பொருளுக்கே உரிய அடையாள எண்) பன்னிரண்டு. ஆகமொத்தம் 15. இன்டர்ஃபேஸ் பெயருக்கு லினக்ஸ் அனுமதிப்பதும் சரியாக 15தான், ஓரெழுத்து கூடியிருந்தால் இடமே இருந்திருக்காது. எந்த போர்ட்டில் செருகினாலும் பெயர் மாறாது. இரண்டு டாங்கிள் வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு அது வசதி.