ஆசிரியரைக் கேளுங்கள்: எஸ்தோனியா

கே: எஸ்தோனியாவில் தார்த்து பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்படியொரு நாடு இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் சொல்லுங்கள் ஐயா.
– மாணவி, கோவில்பட்டி

ப: வாழ்த்துகள் அம்மா. முதலில் வரைபடத்தை விரித்து வீட்டாரிடம் காட்டு. பால்டிக் கடலின் கிழக்குக் கரை. வடக்கே வளைகுடாவைத் தாண்டினால் பின்லாந்து, தெற்கே லாத்வியா, கிழக்கே ரஷ்யா. சுமார் 45,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, 13 லட்சத்துச் சொச்சம் மக்கள். தலைநகர் தால்லின். நீ போகும் தார்த்து இரண்டாவது பெரிய ஊர். அதன் பல்கலைக்கழகம் 1632இல் தொடங்கியது. மலை கிடையாது, மிக உயரமான குன்றே 318 மீட்டர்தான். நாட்டில் பாதி காடு. கடலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள்.

என் மகள் அங்கே படித்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க அவளோடு இருந்தேன். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான். இருட்டில் நடப்பவர்கள் ஒளியைத் திருப்பிக் காட்டும் சின்ன வில்லையைக் கோட்டில் தொங்கவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். போய் இறங்கிய அன்றே ஒன்று வாங்கிக்கொள். கடுங்குளிரில் கடல் உறைந்தால் சில தீவுகளுக்குப் பனிக்கட்டி மேலேயே சாலை திறப்பார்கள். அதில் போகும்போது சீட் பெல்ட் போடக் கூடாது. பனி உடைந்தால் உடனே வெளியேற வேண்டும் அல்லவா?

கே: அந்த மொழி ரஷ்ய மொழி மாதிரியா?
– தமிழாசிரியர், பாளையங்கோட்டை

ப: சம்பந்தமே இல்லை. அது பின்னிஷ் மொழிக்கு உறவு. உங்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று: நம்மைப் போலவே அவர்களும் சொல்லின் வாலில் உருபு சேர்ப்பார்கள். 'மயா' என்றால் வீடு, 'மயாஸ்' வீட்டில், 'மயாஸ்ட்' வீட்டிலிருந்து. நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்குப் பதினான்கு! அவன், அவள் இரண்டுக்கும் 'தெமா' என்ற ஒரே சொல்தான்.

கே: பாட்டுப் பாடியே விடுதலை பெற்றார்கள் என்று படித்தேன். நம்பும்படி இல்லையே?
– வாசகர், தேனி

ப: நம்புங்கள். ஆனால் பின்னணியோடு நம்புங்கள். 1869இல் தார்த்துவில் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. பண்ணை அடிமைத்தனம் ஒழிந்த ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடிய விழா அது. நூற்றாண்டுகளாகப் பிறர் ஆண்ட மக்கள் சொந்த மொழியில் ஒன்றுகூடிப் பாடியது அவர்களை ஒரு தேசமாக உணர வைத்தது. 1918இல் விடுதலை கிடைத்தது, 1940இல் சோவியத் ஒன்றியம் விழுங்கிவிட்டது. 1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதில் அதிகம். விழா மட்டும் நிற்கவில்லை. ஆட்சியாளரைப் புகழும் பாட்டுகளுக்கு நடுவே, லிதியா கொய்துலாவின் தாய்நாட்டுக் கவிதைக்கு குஸ்தாவ் எர்னெசாக்ஸ் அமைத்த மெட்டையும் பாடினார்கள். நாட்டுப்பண் பாட முடியாத காலத்தில் அதுவே அவர்களுக்கு நாட்டுப்பண்.

1989 ஆகஸ்ட் 23 அன்று தால்லினிலிருந்து லாத்வியாவின் ரீகா வழியாக லித்துவேனியாவின் வில்னியுஸ் வரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் மூன்று நாட்டு மக்கள் கைகோத்து நின்றார்கள். ஏறத்தாழ இருபது லட்சம் பேர். நாங்கள் தங்கிய வீட்டின் கீழ்த்தளத்துப் பாட்டி அன்று வில்யாண்டி அருகே சாலையில் நின்றவர். மாலை ஏழு மணிக்கு ரேடியோவில் அறிவிப்பு வந்ததும் கைகளைப் பிடித்தோம், கால் மணி நேரம் விடவில்லை என்று என் மகளின் கையைப் பற்றியபடியே சொன்னார். பக்கத்தில் நின்றவர் யாரென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

பாட்டு மட்டுமே போதவில்லை என்பதும் உண்மை. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்து கொண்டிருந்தபோதே, 20ஆம் தேதி இரவு எஸ்தோனியா விடுதலையை அறிவித்தது. எந்த நொடியில் துணிய வேண்டும் என்று தெரிந்த மக்கள்.

கே: இப்போது ஆட்சி முறை எப்படி?
– வாசகர், கரூர்

ப: நாடாளுமன்ற ஆட்சி. 'ரீகிகோகு' அவையில் 101 உறுப்பினர்கள், அதிகாரம் பிரதமரிடம். குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2005 முதல் இணையத்தில் வாக்களிக்கிறார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் அப்படி வந்தவை. ரஷ்ய மொழி பேசுவோரும் கணிசம். எல்லையிலுள்ள நார்வா நகரில் அவர்களே பெரும்பான்மை. ரஷ்ய வழிப் பள்ளிகளை எஸ்தோனிய மொழிக்கு மாற்றும் வேலை 2024இல் தொடங்கியது. சின்ன மொழி பிழைக்க அது தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு நல்ல ஆசிரியர்கள் கிடைக்க வேண்டுமே என்ற கவலையும் எனக்கு உண்டு.

கே: கோவில்பட்டி மாணவியின் அம்மா எழுதுகிறேன். என் பெண் அங்கே என்ன சாப்பிடுவாள்?

ப: கவலைப்படாதீர்கள் அம்மா. அரிசி, பருப்பு எல்லாம் கடையில் கிடைக்கும். அவர்கள் உணவு கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, பால், மீன். லேசாகப் புளிக்கும் அந்த ரொட்டி எனக்கு மூன்றாம் நாளே பிடித்துவிட்டது. சாப்பிடுபவரைப் பார்த்து 'யாட்கு லெய்பா' என்பார்கள். ரொட்டி குறையாதிருக்கட்டும் என்று பொருள். துண்டு தவறிக் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவது பழைய வழக்கம். அந்தப் பாட்டி இப்போதும் அப்படித்தான் செய்கிறார்.